பழைய பிக்கப்பும் துருவும்

(டயகமவில் தோட்டக் குடும்பங்களுக்கும் வாகனச் சாரதிகளுக்கும் நடந்த ஒன்றுகூடலில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்.)



வெல்பயர் ஐயா பேச வந்தால் பிள்ளைக்காம்பரா, மலசலகூடம், பீலித் தண்ணீர், தடுப்பூசி என்றுதான் பேசுவார்; இன்றைக்கு என்ன லொறித் துருவைப் பற்றிப் பேசப் போகிறாராமே என்று பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிக்கலாம், பரவாயில்லை. ஆனால் இது காசு விஷயம். உயிர் விஷயமும் கூட. முப்பது வருஷம் மலையில் கொழுந்து பறித்த ஒரு தாய், சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும் என்ன செய்கிறார்? கூரையைக் கொஞ்சம் திருத்துவார், ஒரு கடனைக் கட்டுவார். மிச்சத்தை மகன் கையில் கொடுத்து, "மரக்கறி ஏத்தியாவது பொழைச்சிக்கடா" என்று ஒரு பழைய பிக்கப் வாங்கச் சொல்வார். அந்த அம்மாவின் உழைப்பு முழுக்க அந்த நாலு சில்லின் மேலே நிற்குது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. திறந்தும் என்ன, வரி சேர்ந்து வருகிற விலை நமக்கு எட்டாது. ஆகவே நம்ம ஆட்கள் வாங்குவது இருபத்தைந்து, முப்பது வருஷம் ஓடிய வண்டிதான். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஒரே கொம்பனி, ஒரே மொடல், ஒரே வருஷத்து இரண்டு பிக்கப்பை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்று கல்லு மாதிரி நிற்குது, மற்றது அடியிலே உக்கிப் போய்க் கிடக்குது. ஏன்? இதைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டோம், வாங்கியதையும் காப்பாற்றலாம்.

முதலில் துரு என்றால் என்ன? நம்ம பக்கம் துரு என்கிறோம், யாழ்ப்பாணத்தார் கறள் என்பார்கள். இரும்பும் தண்ணீரும் காற்றும் மூன்றும் சேர்ந்தால் துரு. ஒன்றைத் தடுத்தால் துரு இல்லை. இது நமக்குத் தெரியாத கதையா? கவ்வாத்து வெட்டுகிற ஆள் வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து ஒயில் தடவித்தான் வைப்பார். அம்மா தோசைக்கல்லை எண்ணெய் தடவி மாட்டி வைப்பார். அந்த எண்ணெய் தண்ணீரையும் காற்றையும் இரும்பிடம் நெருங்க விடாது. அதே தோசைக்கல்லை உப்புத் தண்ணீர் பட்டபடி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், காலையில் சிவந்து போயிருக்கும். உப்பு சேர்ந்த தண்ணீரில் துரு வேகமாக ஓடும். இந்த உப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

இரும்புத் துருவுக்கு இன்னொரு கெட்ட குணம் இருக்கு. அது ஒட்டிக்கொண்டு நிற்காது. ஊதிப் பெருத்து, செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே இருக்கிற புது இரும்பைக் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கும். அலுமினியம் அப்படி இல்லை. அதன் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் படிந்து அதுவே காவலாக இருக்கும். லயத்துக் கூரைத் தகரம் இன்னொரு வகை. உள்ளே இரும்பு, மேலே நாகப் பூச்சு. நாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். பூச்சு தடிப்பாக இருந்த பழைய தகரம் நாள் கணக்காக நின்றது, மெல்லிசாகப் பூசியது சீக்கிரம் ஓட்டை விழுகிறது. இரண்டையும் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

இப்போ வண்டிக்கு வருவோம். துரைமார் ஓட்டிய பழைய லேண்ட் ரோவரைப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் பாடி துருப்பிடிக்காததற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை, தட்டுப்பாடு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் இரும்புத் தகட்டைப் பங்கீட்டில்தான் கொடுத்தார்கள். அதனால் ரோவர் கொம்பனி 1948இல் வண்டியை வெளியிட்டபோது பாடியை அலுமினியக் கலவையில் செய்தது. தட்டுப்பாட்டுக்குச் செய்த வேலை பிறகு பெரிய பேராகி விட்டது. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்ற ஊரிலிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூ மலைக்கு, 1950களில் செய்த லேண்ட் ரோவர்கள் அறுபது வருஷம் தாண்டியும் ஆள் ஏற்றிப் போயின. அதுவும் தேயிலைச் சீமைதான். மழை, மூட்டம், கல்லு றோட்டு எல்லாம் நம்மைப் போலத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. லேண்ட் ரோவரின் பாடிதான் அலுமினியம், சேசிஸ் இரும்பு. டிரைவருக்கு முன்னால் நிற்கிற பலகை மாதிரியான பகுதியும் இரும்பு. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், கீழே பெட்டி மாதிரி மூடிய சேசிஸ் உள்ளுக்குள்ளே அரித்திருக்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி நிற்கிற இடத்தில் அலுமினியமும் வெள்ளைப் பொடியாகக் கொட்டும். "லேண்ட் ரோவர் துருப்பிடிக்காதுங்க" என்று யாராவது விற்க வந்தால் பாதி உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "அந்தக் காலத்துத் தகரம் தடிப்பு, அதனாலேதான் நின்றது" என்ற பேச்சு. இதிலும் பாதிதான் உண்மை. தடித்த தகடு ஓட்டை விழ அதிக நாள் எடுக்கும், அவ்வளவுதான். மொறிஸ் மைனரைப் பாருங்கள். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்தது; 1953இலிருந்து அதில் வேன், பிக்கப் வகையும் தனிச் சேசிஸோடு வந்தது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனியைக் கரைக்க றோட்டில் உப்புத் தூவுவார்கள். அதனால் அங்கே அந்தக் கார்கள் அடியில் உக்கிக் கொட்டின. அதே கார் நம்ம நாட்டில் நின்று பிடித்தது. கடைசியில், 1991இல் இலங்கையில் தொடங்கிய டியூரபிள் கார் கொம்பனி இங்கே தகடு அடித்து மொறிஸ் மைனர் பாகங்களை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. தகடு ஒன்று, தடிப்பு ஒன்று. வாழ்ந்த இடம் வேறு.

செய்யும் முறையிலும் வித்தியாசம் இருக்கு. முன்பு பெயின்டை வெளியே அடித்தார்கள், கதவுக்குள்ளேயும் மடிப்புக்குள்ளேயும் அது போகாது. 1960களில் ஃபோர்ட் கொம்பனி, வெறும் பாடியை முழுசாகத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சைப் படிய வைக்கிற முறையைக் கொண்டு வந்தது. அந்த முறை இன்னும் திருந்தி, 1980களில் மற்றக் கொம்பனிகளிலும் வழக்கமானது. அதனால்தான் 1970களின் ஜப்பான் பிக்கப்பைவிட 1990களின் பிக்கப் பாடி நன்றாக நிற்குது.

அதற்காகப் பேர் பெற்ற கொம்பனி என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. டொயோட்டா என்றால் நம்ம ஆட்களுக்குக் கோயில் மாதிரி. அந்த டொயோட்டா அமெரிக்காவில் விற்ற டக்கோமா பிக்கப்பில் 1995 முதல் 2000 வரை வந்த வண்டிகளின் சேசிஸ், பூச்சுப் போதாமல் உக்கியது. 2008இல் கொம்பனி அதற்கு 15 வருஷ உத்தரவாதம் கொடுத்து, மோசமானவற்றைத் திருப்பி வாங்கியது. அதோடு முடியவில்லை. பிறகு வந்த வண்டிகளுக்கும் வழக்குப் போய், 2016இல் ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளுக்கு 340 கோடி டொலர் வரை செலவாகும் என்று கணக்கிட்ட ஒரு சமரசத்துக்கு வந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். அதைத் தாங்குகிற சட்டம்தான் போனது.

இப்போ உப்புக்குத் திரும்ப வருகிறேன். நம்ம றோட்டில் யாரும் உப்புத் தூவுவதில்லை. டயகமவுக்கும் கடலுக்கும் வெகு தூரம். அப்போ நாம் தப்பித்தோமா? அதுதான் இல்லை. உப்பை நாமே மூடை மூடையாக வண்டியில் ஏற்றுகிறோம். நான் சொல்வது உரத்தை.

தேயிலைக்குப் போடுகிற மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் இருக்கிறதே, அது பொட்டாசியம் குளோரைட். சோற்றுக்குப் போடுகிற உப்பு சோடியம் குளோரைட். இரண்டும் அண்ணன் தம்பி. இரும்பைத் தின்பதில் அண்ணனுக்குத் தம்பி இளைத்தவன் இல்லை. கூடவே யூரியா, சல்பேட் ஒஃப் அமோனியா. இவை காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக் குடித்துக் கசியும். மூடை ஓரம் கிழிந்து கொஞ்சம் சிந்தும். கூட்டித் தள்ளிவிட்டோம் என்று நினைப்போம். கூட்டின தூள் எங்கே போகும்? பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, பலகைக்கும் சேசிஸுக்கும் நடுவிலே உட்காரும். மேலே மூட்டம், மழை. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை இங்கே எந்தப் பொருள் காய்கிறது? துணியே காய்வதில்லை! அந்த இடுக்கில் உரத் தண்ணீர் மாசக் கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும்.

மரக்கறித் தோட்டத்துக்குக் கோழி எரு ஏற்றுகிற தம்பிமாருக்கும் இதே கதிதான். இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் எரு ஈரத்தோடேயே வருது. நான் பார்த்த அளவில், கொழுந்து மட்டும் ஏற்றுகிற லொறி நாள் முழுக்க நனைந்தாலும் உர லொறியைவிட நின்று பிடிக்கிறது. நனைவது ஒன்று, உப்பில் ஊறுவது வேறு.

பழைய பெட்போர்ட் லொறிகள் இவ்வளவு காலம் நின்றதற்கு ஒரு காரணம் இதில்தான் இருக்கு. லொறிச் சேசிஸ் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் மாதிரி. சேறு ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் அடித்தால் கழுவிப் போகும், காற்றில் காயும். பல பிக்கப்களின் சேசிஸ் நாலு பக்கமும் மூடிய பெட்டி. பலம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஓட்டை வழியாக உள்ளே போன சேறும் உரத் தண்ணீரும் வெளியே வர வழியில்லாமல் அடியில் தங்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே இருந்து கரையான் மாதிரி அரித்துக்கொண்டு வரும்.

எங்கள் பகுதியில் ஒரு அக்கா சேமலாப நிதிக் காசில் மகனுக்கு வாங்கிக் கொடுத்த பிக்கப் அப்படித்தான் போனது. கரையோரத்திலிருந்து வந்த வண்டி. புதுப் பெயின்ட், நல்ல டயர், பெரிய பாட்டுப் பெட்டி. ஏழு மாசம் ஓடியது. கோவா ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போகும்போது பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த சேசிஸ் துண்டு அப்படியே பிய்ந்துகொண்டு வந்தது. வண்டி மேட்டுப் பக்கம் சாய்ந்தது, தம்பி பிழைத்தான். பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் நான் இன்றைக்கு வேறு பேச்சுத்தான் பேச வேண்டியிருக்கும். லீசிங் இல்லாமல் கைக்காசு கொடுத்து வாங்கியதால் கடன் மிஞ்சவில்லை, வண்டியும் மிஞ்சவில்லை.

ஆகவே வாங்கப் போகும்போது என்ன பார்க்கணும்? மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறோம், அவர் எஞ்சினைக் கேட்கிறார், கியரைப் போட்டுப் பார்க்கிறார். அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னால் சட்டை அழுக்காகும் என்று தயங்குகிறார். அழுக்கானால் ஒரு சோப்புக் கட்டி வாங்கிக் கொடுங்கள். ஒரு டோர்ச், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு காந்தக் கல், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், இவ்வளவு போதும். சேசிஸைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி மாதிரி 'டங்' என்னும். உக்கியது 'டொப்' என்று அடைத்த குரலில் பேசும். பின் சில்லுக்கு மேலேயும், ஸ்பிரிங் கட்டியிருக்கிற இடங்களிலும், கெபினைச் சேசிஸோடு பூட்டுகிற இடங்களிலும் நன்றாகத் தட்டுங்கள். அங்கேதான் சேறு தங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் பேச்சை முடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

காந்தம் பாடிக்கு. சில்லு வளைவிலும் கதவு அடியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் தகடு போய், பேஸ்ட் அப்பிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கால் விரிப்பைத் தூக்கிக் கீழே பாருங்கள். அடியில் மட்டும் புதுசாகக் கறுப்பு அடித்திருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். விற்கப் போகிறவன் சும்மா செலவழிப்பானா?

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக் பைப். சேசிஸ் ஓரமாக ஓடுகிற மெல்லிய இரும்புக் குழாய் அது. மெல்லிசு என்பதால் சேசிஸுக்கு முன்னால் அதுதான் போகும். கிளிப் பிடித்திருக்கிற இடத்தில் துரு வீங்கியிருக்கா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெட்டையான ஊரில் பிரேக் பைப் வெடித்தால் வண்டியை எங்காவது உருட்டி நிறுத்தலாம். அக்கரப்பத்தனை றோட்டில் எங்கே உருட்டுவது? புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கே என்று சொல்லாதீர்கள். அது புகையைத்தான் பார்க்கும்.

வண்டி எங்கே வாழ்ந்தது என்றும் விசாரியுங்கள். பதிவுப் புத்தகத்தில் பழைய சொந்தக்காரரின் ஊர் தெரிந்தால் பாதிக் கதை தெரியும். நீர்கொழும்பு, பேருவளைப் பக்கம் மீன் ஏற்றிய வண்டியா? ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் வருஷக் கணக்கில் வடிந்திருக்கும். பின் தட்டுக்குக் கிட்டே மூக்கை வைத்துப் பாருங்கள், எத்தனை முறை கழுவினாலும் மீன் வாடை காட்டிக் கொடுக்கும். ஜப்பானில் பனி விழுகிற பகுதிகளிலும் றோட்டுக்கு உப்பு வகை போடுவதால் அங்கே ஓடிய வண்டியின் அடியையும் நம்பக் கூடாது. ஏலத் தாள் இருந்தால் வாங்கிப் பாருங்கள், துரு இருந்தால் அதில் குறித்திருப்பார்கள்.

இனி, கையில் இருக்கிற வண்டி. உரமோ எருவோ ஏற்றினால் தட்டில் முதலில் படங்கை விரித்து அதன் மேல் அடுக்குங்கள். இறக்கிய அன்றைக்கே கழுவுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். மேலே கழுவிப் பளபளப்பாக்குவதைவிட அடியில் அரை மணி நேரம் வெறும் தண்ணீர் அடிப்பது மேல். சேசிஸிலும் கதவு அடியிலும் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும், ஈர்க்கு விட்டுக் குத்தி அடைப்பை எடுங்கள். புல்லு மேலே நிறுத்தாதீர்கள், கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். நாலு பக்கமும் படங்கு கட்டி மூடுவதைவிட, மேலே மட்டும் தகரம் போட்ட திறந்த கொட்டில் நல்லது. காற்றோட்டம்தான் காய வைக்கும்.

கழிவு எஞ்சின் ஒயிலை டீசலில் கரைத்து அடியில் அடிக்கிறார்கள். இரும்பு மட்டில் அது வேலை செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. அதைவிட, அந்த ஒயில் மழையில் கழுவி எங்கே போகிறது? பீலிக்கு வருகிற ஓடையில். பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரில். அங்கிருந்து ஆக்ரா ஓயா வழியாக மேல் கொத்மலை நீர்த்தேக்கம் வரை. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், என் லயத்துக்கு மேலே யாராவது அடித்தால் சண்டைக்குத்தான் வருவேன். துரு தெரிகிற இடத்தைக் கம்பி பிரஷால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, காய வைத்து, ரெட் ஒக்சைட் அடித்து, மேலே பெயின்ட் அடியுங்கள். மூடிய சேசிஸுக்குள்ளே, வடிகிற ஓட்டையை அடைக்காமல், கிரீஸைச் சூடாக்கி இளக்கி விடலாம்.

பேசி முடிந்ததும் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, அண்டர்சீல் அடிச்சிட்டா இவ்வளவு வேலையும் மிச்சம்தானே?" சுத்தமான, காய்ந்த இரும்பின் மேல் அடித்தால் நல்லதுதான். துருவுக்கு மேலே, ஈரத்துக்கு மேலே அடித்தால் உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி. வெளியே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே அது தன் வேலையைச் செய்யும். இங்கே அதற்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வெயில் அடிக்கிற நாட்கள். முதல் நாள் கழுவி, இரண்டு நாள் வெயிலில் விட்டு, தேய்த்து, பிறகு அடியுங்கள். அதற்கு முன்னால் பிரேக் பைப்பை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், கறுப்பு அடித்த பிறகு அதன் துரு கண்ணுக்குத் தெரியாது.